காண்போர் இன்பம்: ஈழத்துத் தமிழ் அரங்கும் புலம்பெயர் அவையும்

முன்னுரை

தமிழ் நாடகம் பற்றிய ஆய்வுகள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பல்கிப் பெருகியுள்ளன. நாடகத்தின் தோற்றம், எழுத்துரு, ஆசிரியர் வரலாறு, சமூகப் பின்னணி, ஆட்டமுறை, ஒப்பனை ஆகியன குறித்துப் பெறுமதி வாய்ந்த நூல்கள் வெளிவந்துள்ளன. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பெற்ற இடத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி ஆராய்ந்து 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இத்துறைக்கு இன்றும் அடித்தளமாக விளங்குகின்றது. ஆயினும், நாடகம் பார்க்கப் புறப்படும் ஒருவர் எதனை நாடிச் செல்கின்றார், எதனைப் பெற்று வீடு திரும்புகின்றார் என்னும் எளிய வினா நம் ஆய்வுகளில் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது.

இக்குறையைப் பிறர்மேல் ஏற்றிக் கூறுவது என் நோக்கமன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நான் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு ஈழத்து நாடக எழுத்துருக்கள் பற்றியது. அண்மையில் அதனை மீளப் படித்தபோது, பார்வையோர் பற்றிய செய்திகள் யாவும் பின்னிணைப்புக்கு முந்திய ஒரே பந்தியில் அடங்கியிருக்கக் கண்டேன். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அவ்வேட்டில் ஒருவரேனும் சிரிக்கவில்லை. ஒருவரேனும் கண் துடைக்கவில்லை. நாடகத்தை நேசித்ததனாலேயே அத்துறைக்கு வந்த ஒருவன், அந்நேசத்துக்குக் காரணமானதை மட்டும் விட்டுவிட்டு மற்றெல்லாவற்றையும் எழுதியிருக்கின்றான்.

இவ்விடுபாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. இன்பம் என்னும் சொல் ஆய்வாளருக்குக் கூச்சம் தருவது. பொழுதுபோக்கு வேறு, கலை வேறு என்று பிரித்துப் பழகிய நாம், இன்பத்தைப் பொழுதுபோக்கின் பக்கம் ஒதுக்கிவிட்டோம். புலம்பெயர் நாடுகளில் இக்கூச்சம் வேறொரு வடிவம் பெற்றுள்ளது. இங்கு நாடகம் போடுதல் தமிழ்த்தொண்டு. அதனைப் பார்க்கச் செல்லுதல் கடமை. கடமைக்காக நிரம்பும் மண்டபம் எத்தனை காலத்துக்கு நிரம்பும் என்பதே இக்கட்டுரைக்குப் பின்னாலுள்ள கவலை. காண்போர் இன்பத்தைத் திறனாய்வின் அளவுகோல்களுள் ஒன்றாக ஏற்கவேண்டும் என்பதும், அவ்வாறு ஏற்பதற்கு நம் மரபிலேயே வலுவான ஆதாரம் உண்டு என்பதும், அவ்வளவுகோல் கொண்டு நோக்கும்போது ஈழத்து அரங்கின் வரலாறு சற்று வேறாகத் தோன்றுகின்றது என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

1. இலக்கண மரபில் காண்போன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகின்றது. இவை பாத்திரத்தின் உணர்வுகளா, நடிப்போனின் உணர்வுகளா, பார்ப்போனின் உணர்வுகளா என்னும் வினாவுக்கு இளம்பூரணர் உரையில் ஒரு குறிப்பு உண்டு. அவர் மேற்கோளாக எடுத்துக்காட்டும் செயிற்றியம் என்னும் நாடக நூற் பகுதி, அரங்கில் ஒருவன் நிகழ்த்தியது பார்ப்பவனிடத்தே சென்று சேருமிடத்துத்தான் மெய்ப்பாடு உண்டாகின்றது என்னும் கருத்தினது. செயிற்றியம் முழுமையாக நமக்குக் கிடைத்திலது. எனினும் எஞ்சிய இச்சிறு பகுதியே பெரியதொரு கொள்கையை உணர்த்துகின்றது. மெய்ப்பாடு முழுமை பெறும் இடம் மேடையன்று, அவை. சென்று சேராத நடிப்பு எத்துணை நுட்பமாயினும் அது முற்றுப்பெறவில்லை.

சிலப்பதிகார அரங்கேற்று காதையை இக்கண்கொண்டு மீள நோக்கலாம். இருபத்து நான்கு விரல் அளவினதாகிய கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக மாதவியின் அரங்கு அமைக்கப்படுகின்றது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் கூறப்படுகின்றன. இவ்வளவைகளைத் தமிழரின் கட்டடக்கலைத் திறனுக்குச் சான்றாக நாம் பன்முறை எடுத்துக்காட்டியுள்ளோம். அவற்றோடு வரும் இன்னொரு செய்தியை அத்துணை கருதினோமல்லோம். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தப்பட்டது என்கின்றார் இளங்கோவடிகள். ஆடுபவளுக்குத் தூணின் நிழலால் பெரிய இடர் இல்லை. அந்நிழல் இடர் செய்வது பார்ப்பவன் கண்ணுக்கே. விளக்கு வைத்தவன் அவையில் அமர்ந்து பார்த்திருக்கின்றான். அல்லது அமர்ந்தவனாகத் தன்னை எண்ணிப் பார்த்திருக்கின்றான்.

வடமொழி நாட்டிய சாத்திரமும் இதனையொத்த கரிசனையைக் காட்டுகின்றது. அரங்கு அளவுக்கு மிஞ்சிப் பெரிதாயின் குரல் தேயும், முகத்தின் குறிப்புகள் புலப்படா என்பதனால் நடுத்தர அளவினதாகிய அரங்கையே பரதர் உகந்ததாகக் கொள்கின்றார். அந்நூலில் ஆற்றுகையின் வெற்றியை அளக்கும் இயல் ஒன்றும் உண்டு. புன்முறுவல், சிரிப்பு, பாராட்டொலி, மயிர்க்கூச்செறிதல், இருக்கையினின்று எழுதல் என்பன மனித வெற்றியின் அடையாளங்களாக அங்குக் கூறப்படுகின்றன. இவை அனைத்தும் பார்ப்போர் உடலில் நிகழ்வன.

மேலைநாட்டுச் சிந்தனையும் இந்நிலைக்கு வெகு தொலைவில் இல்லை. வெற்றுவெளி ஒன்றில் ஒருவர் நடந்து செல்ல மற்றொருவர் அதனைப் பார்த்திருத்தல் அரங்குக்குப் போதுமானது என்று பீற்றர் புறூக் 1968இல் எழுதினார். அறிவூட்டும் அரங்கின் தலைமகனாக நாம் கொண்டாடும் பிறெக்ட்டும், தமது பிற்காலக் கோட்பாட்டு நூலில், மகிழ்வித்தலே அரங்கின் முதற்பணி என்று ஒப்புக்கொண்டார். பிறெக்ட்டைத் தமிழில் பின்பற்றிய நம்மிற் பலர் அந்த ஒப்புதலைக் கவனியாது விட்டோம்.

2. களரியைச் சுற்றியிருந்தோர்

மட்டக்களப்புக் கூத்தின் மரபுவழிக் களம் வட்டக்களரி. நடுவே களரி, சுற்றிலும் மக்கள். அண்ணாவியார் மத்தளத்தோடு களரியிலேயே நிற்பார். வடமோடியாயினும் தென்மோடியாயினும் கட்டியகாரன் வரவோடு தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நீளும். இவ்வமைப்பின் அழகியல் பற்றிப் பேராசிரியர் சி. மௌனகுரு விரிவாக எழுதியுள்ளார். இங்குக் காண்போர் தரப்பிலிருந்து மூன்று செய்திகளை மட்டும் கருதுவோம்.

முதலாவது, வட்டக்களரியில் பார்ப்பவர் ஆட்டத்தோடு எதிர்ப்பக்கத்து மக்களின் முகங்களையும் சேர்த்தே பார்க்கின்றார். அரசன் வரவுக்கு எதிர்வரிசை நிமிர்வதை இவ்வரிசை காண்கின்றது. தான் பெறும் இன்பம் தனக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கண்முன் காண்பது இன்பத்தின் ஒரு பகுதியாகின்றது. இதற்கு நிகரான ஒன்றை நான் பின்னர் இலண்டனில் கண்டேன். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் 1997இல் மீளக் கட்டப்பெற்றுத் திறக்கப்பட்ட குளோப் அரங்கின் முற்றத்தில் ஏறத்தாழ 700 பேர் நின்றபடியே ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பார்க்கலாம். கட்டணம் 5 பவுணாகவே நெடுங்காலம் இருந்தது. பகலொளியோ மின்னொளியோ, நடிகர்மீது படும் ஒளி நிற்பவர்மீதும் படுகின்றது. மழை பெய்தால் நனைகின்றனர். அங்கு முதன்முறை நின்றபொழுது எனக்கு நினைவு வந்தது ஆங்கில இலக்கிய வகுப்பறையன்று. களரியைச் சுற்றியிருந்த மக்களே.

இரண்டாவது, களரியில் ஆடுபவன் ஊரவன். நேற்று வயலில் நின்றவன் இன்று தருமனாக வருகின்றான். அவன் தருமனாகிவிட்டான் என்பதும், அவன் இன்னாரின் மகன் என்பதும் ஒரே கணத்தில் பார்ப்பவர் உள்ளத்தில் நிற்கின்றன. இவ்விரட்டைப் பார்வை திரைப்படத்தில் வாய்ப்பதில்லை. திரை நடிகர் தொலைவில் உள்ளவர். அவர் யாராயிருந்தாலும் நமக்கு உறவல்லர். களரியிலோ தெரிந்த ஒருவன் தெரியாதவனாக மாறும் வியப்பு இரவு முழுவதும் நீடிக்கின்றது.

மூன்றாவது, களரியைச் சுற்றியிருந்தோருக்கு உறங்கும் உரிமை இருந்தது. பாயும் தலையணையும் கொண்டு வந்தனர். குழந்தைகள் மடியில் உறங்கினர். விருப்பமான வரவு வரும்போது எழுப்பப்பட்டனர். கச்சான் கொறித்தனர்; ஊர்க்கதை பேசினர். நவீன மண்டப ஒழுக்கத்தின்படி இவையாவும் கவனக்குறைவு. ஆயின் விடியும்வரை நீளும் ஆட்டத்தை ஒரே கூர்மையோடு பார்த்தல் மனித இயல்பன்று. கூத்து அதனை அறிந்திருந்தது. ஒரு செய்தியைப் பல்வேறு தருக்களில் திரும்பத் திரும்பச் சொல்லும் அதன் கட்டமைப்பு, இடையிடையே கண்ணயரும் ஒருவரையும் கைவிடாத கட்டமைப்பாகும்.

3. தெரிந்த கதையை மீண்டும் காணல்

யாழ்ப்பாணத்து இசைநாடக மரபு வேறு வகையான இன்பத்தை முன்வைக்கின்றது. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த இம்மரபின் பெருங்கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்து. அவரது வசந்தகான சபாவின் அரிச்சந்திர மயான காண்டம் கோயில் வீதிகளிலும் மண்டபங்களிலும் எத்தனையோ முறை மேடையேறியது. மகனின் உடலைச் சுமந்து மயானம் வரும் சந்திரமதியிடம், அவளைத் தன் மனைவியென்று அறியாத அரிச்சந்திரன் கூலி கேட்கும் காட்சி அதன் உயிர்நிலை. அவையில் ஒருவருக்கும் தெரியாத செய்தி அந்நாடகத்தில் ஒன்றுமில்லை.

எனக்கு ஒன்பது அல்லது பத்து வயதிருக்கும். ஊர்க்கோயில் திருவிழாவில் அந்நாடகம் என்று கேள்விப்பட்டு, பின்னேரமே பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்ட அம்மம்மாவிடம், “உங்களுக்குக் கதை தெரியுந்தானே அம்மம்மா?” என்று கேட்டேன். “தெரியும் மோனை, அதாலதான் போறன்” என்றார். அவ்விடையின் பொருளை விளங்கிக்கொள்ள எனக்கு நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவல் கதையால் வரும் இன்பம். அது ஒருமுறை நுகர்ந்ததும் தீர்ந்துவிடும். இன்று அது எவ்வாறு நிகழும் என்னும் ஆவல் ஆற்றுகையால் வரும் இன்பம். அது தீர்வதில்லை. இன்று குரல் எப்படியிருக்கின்றது? அந்த விருத்தத்தை இன்று எவ்வளவு நேரம் நிறுத்துவார்? ஆர்மோனியக்காரர் ஈடுகொடுப்பாரா? கதையை அறிந்தவரே இவ்வினாக்களைக் கேட்க முடியும். இசைநாடக அவையில் எழுந்த ‘வன்ஸ்மோர்’ என்னும் குரலைப் பாமரத்தனம் என்று கண்டித்தவர் உண்டு. மயானத்தில் அழுதுகொண்டிருக்கும் அரிச்சந்திரன், அவை கேட்டதற்கிணங்கி அப்பாடலை மீண்டும் பாடுவது இயற்பண்பு அரங்கின் விதிகளுக்கு முரணானதே. ஆயின் அவ்வவை ஏமாந்த அவையன்று. நடிப்பு நடிப்பே என்பதை முற்றும் அறிந்துகொண்டே அழுத அவை அது. ஒரே நேரத்தில் அழவும் பாடலின் சுரவரிசையை மதிப்பிடவும் அவ்வவையோர் அறிந்திருந்தனர். இக்கல்வியை அவர்களுக்கு எப்பள்ளிக்கூடமும் கொடுக்கவில்லை. மீண்டும் மீண்டும் சென்று பார்த்ததனால் பெற்றனர்.

4. படச்சட்ட மேடையும் அமைதியான அவையும்

1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள நாடகத்தில் ஏற்படுத்திய திருப்பத்தின் பின்னர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நகரத்து மேடைக்குக் கொணர்ந்தார். 1960களில் அவர் நெறிப்படுத்திய கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியன ஈழத்து அரங்க வரலாற்றின் திருப்புமுனைகள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இராவணேசனில் இராவணனாக ஆடிய மௌனகுரு, பின்னாளில் அதனை மறுவாக்கம் செய்து தொடர்ந்து மேடையேற்றினார். விடியவிடிய ஆடப்பெற்ற வடிவம் நகரத்து மேடைக்கு ஏற்பச் சுருங்கியது. வட்டக்களரியின் ஆட்டம் ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குள் வந்தது.

இம்மாற்றத்தால் கூத்து பெற்றது பெரிது. கிராமத்தாரின் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்று தேசிய மதிப்புப் பெற்றது. செறிவும் கட்டுக்கோப்பும் வந்தன. ஆட்டத்தின் வீறு ஒருமுகப்பட்டுப் பார்ப்போரை வந்து தாக்கியது. இவ்வடிவத்தின் இன்பம் குறைவானது என்று நான் கூறவரவில்லை, அது வேறானது. வட்டத்தில் எதிரெதிர் அமர்ந்து ஒருவரையொருவர் பார்த்தவர்கள் இப்போது ஒருவர் பின் ஒருவராக இருளில் அமர்ந்தனர். ஊரவர் பார்வையாளராயினர். செம்மைப்படுத்தல் பற்றிய நமது விவாதங்கள், கூத்தின் தூய்மை கெட்டதா இல்லையா என்னும் வினாவைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. காண்போர் எதை இழந்து எதைப் பெற்றனர் என்று கேட்டிருந்தால் அவ்விவாதம் மேலும் பயன் தந்திருக்கும்.

இருளும் அமைதியும் தரக்கூடிய இன்பத்தின் உச்சத்தைக் க. பாலேந்திராவின் மொழிபெயர்ப்பு நாடகங்களில் காணலாம். 1978இல் இலங்கையில் தொடங்கப்பெற்றுப் பின்னர் இலண்டனில் தொடர்ந்த தமிழ் அவைக்காற்றுக் கலைக் கழகம், டென்னசி வில்லியம்ஸின் நாடகத்தைக் ‘கண்ணாடி வார்ப்புகள்’ என்றும், லோர்காவின் நாடகத்தை ‘ஒரு பாலை வீடு’ என்றும் தமிழாக்கி மேடையேற்றியது. முன்னதில் ஒரு தாய், கால் ஊனமுற்ற கூச்ச சுபாவமுள்ள மகளுக்கு வரன் தேடித் தவிக்கின்றாள். அமெரிக்க வீடொன்றின் கதையாகிய அது, பெண்பார்க்க வருபவருக்காகக் காத்திருக்கும் யாழ்ப்பாணத்து வீடாகவே நம் பெண்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. பின்னதில் கணவனை இழந்த தாயொருத்தி தன் ஐந்து மகள்மாரையும் நீண்ட துக்க காலத்துக்குள் அடைத்துவைக்கின்றாள். ஊர் என்ன சொல்லும் என்பதே அவ்வீட்டின் சட்டம்.

அன்னிய நாடகங்களைத் தமிழில் போடுதல் நம் வாழ்வுக்கு ஒவ்வாதது என்னும் கண்டனம் அக்காலத்தில் எழுந்தது. காண்போர் பக்கம் நின்று நோக்கின் இக்கண்டனம் வலுவிழக்கின்றது. நமது வீட்டைப் பிறர் வீடாகக் காண்பதில் ஒரு விடுதலை இருக்கின்றது. நம் ஊர்ப் பெயரோடு சொல்லியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கக்கூடிய தாய்மார், ஸ்பானியத் தாயின் கதை என்பதனால் இறுதிவரை பார்க்கின்றனர். கண்ணாடிக் குதிரையின் கொம்பு முறியும் கணத்தில் மண்டபம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொள்ளும் அமைதி, களரியின் ஆரவாரத்தினின்று முற்றிலும் வேறுபட்டது. எனினும் அதுவும் பலர் கூடி உண்டாக்கும் ஓர் ஒலியே.

5. துயரைக் கூடிக் காணல்

இன்பம் பற்றிய பேச்சு போர்க்கால அரங்குக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் யாழ்ப்பாணத்தில் மேடையேறியது. அது யாழ்ப்பாணத்தின் பல இடங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டு, பல முறை ஆடப்பட்டது. அதைக் காண வந்தோர் நாடகத்தில் வரும் அதே அச்சத்தை வீட்டிலும் வீதியிலும் சுமந்தவர்கள். தாம் அன்றாடம் படும் துயரை மீண்டும் மேடையிற் காண மக்கள் ஏன் திரண்டனர்?

அறிவூட்டல், எழுச்சியூட்டல், ஆற்றுப்படுத்தல் எனப் பல விடைகள் கூறப்பட்டுள்ளன. அவை பொருத்தமானவையே. எனினும் அவற்றுக்கு அடியில் எளிமையான ஒன்று உள்ளது. வீட்டினுள் தனித்தனியே மறைத்து அழுத அழுகை, அங்கே பலர் நடுவே வெளிப்படையாக அழப்பட்டது. பக்கத்தில் இருப்பவரும் அழுகின்றார் என அறிவது துயரைக் குறைப்பதில்லை. துயரிலிருக்கும் தனிமையைக் குறைக்கின்றது. தொல்காப்பியம் அழுகையையும் அச்சத்தையும் நகையோடும் உவகையோடும் ஒரே நிரலில் வைத்தமை இவ்விடத்துப் பொருள் பெறுகின்றது. சுவையென்னும் நிலையில் அவையெட்டும் உடன்பிறப்புகள். செத்தவீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இதே ஆசிரியரின் ‘எந்தையும் தாயும்’ இன்னொரு பாடத்தைத் தருகின்றது. பிள்ளைகள் வெளிநாடுகளுக்குச் சென்றுவிட, ஊரிலே தனித்திருக்கும் முதியவர்களைப் பற்றிய நாடகம் அது. யாழ்ப்பாணத்தில் அதைப் பார்ப்பவர் பெற்றோர். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பார்ப்பவர் அப்பிள்ளைகள். எழுத்துருவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயின் அங்கே முறைப்பாடாக ஒலிக்கும் வசனம் இங்கே குற்றச்சாட்டாக ஒலிக்கின்றது. நாடகத்தின் பொருளில் பாதி இருக்கைகளில் அமர்ந்திருக்கின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எழுத்துருவை மட்டும் ஆராயும் முறை இப்பாதியைத் தவறவிடுகின்றது.

6. புலம்பெயர் மண்டபம்

இலண்டனில் அவைக்காற்றுக் கலைக் கழகம், ரொறன்ரோவில் மனவெளி கலையாற்றுக் குழு முதலியவை பல்லாண்டு உழைப்பால் புலம்பெயர் தமிழருக்கு நாடகம் பார்க்கும் பழக்கத்தைக் கொடுத்துள்ளன. அவ்வுழைப்பைப் போற்றுவதோடு, நம் பொதுவான மண்டப நடைமுறையையும் நேர்மையாகப் பேசவேண்டியுள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் சென்ற ஒரு நாடக விழா, வாடகைக்கு எடுக்கப்பட்ட பாடசாலை மண்டபம் ஒன்றில் நடைபெற்றது. மாலை 6 மணிக்கு என அறிவிக்கப்பட்ட நாடகம் 7.40க்குத் தொடங்கிற்று. இடையில் விளக்கேற்றல், வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் மூவரின் உரைகள், பொன்னாடை போர்த்தல் ஆகியன நிகழ்ந்தன. மண்டபத்தை 10 மணிக்கு ஒப்படைக்கவேண்டியிருந்ததால் இறுதிக் காட்சி ஓட்டமாக ஓடி முடிந்தது. ஒத்திகைக்கு எட்டு மாதங்கள் செலவிட்ட இளைஞர்களும் ஏமாற்றப்பட்டனர். ஒரு மணி நேரம் பயணம் செய்து வந்தவர்களும் ஏமாற்றப்பட்டனர். இதைக் குறையென எவரும் கூறவில்லை. தமிழ்த்தொண்டில் குறை காண்பது முறையன்று என்பது எழுதாச் சட்டம். மாதவியின் அரங்கில் தூணின் நிழலையும் கருதி விளக்கு வைத்த மரபினர் நாம் என்பதை அவ்விரவில் நினைத்துக்கொண்டேன்.

அதே மாலையில் இன்னொன்றும் நிகழ்ந்தது. நாடகத்தின் நடுவே ஒலிபெருக்கி செயலிழந்தது. சற்றுநேரம் நடிகர் திகைத்தனர். பின்னர் முதியவராக நடித்தவர் மேடையின் விளிம்புவரை வந்து, குரலை உயர்த்தாமல், அவையை நேரே பார்த்துத் தம் வசனத்தைத் தொடர்ந்தார். அதுவரை கைப்பேசியில் தலைகுனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தனர். பின்வரிசையினர் முன்னோக்கிச் சாய்ந்தனர். ஏறத்தாழ பத்து நிமிடங்கள், நம் காதுகள் அவர் வாயைத் தேடிச் சென்றன. கருவி திருத்தப்பட்டதும் குரல் மீண்டும் பக்கச் சுவர்களிலிருந்து வந்தது. மக்கள் மீண்டும் பின்னால் சாய்ந்தனர். என் அருகிலிருந்தவள் இலண்டனில் பிறந்த, பதினைந்து வயது மதிக்கத்தக்க பெண்; தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுபவள். எது பிடித்தது என்று கேட்டேன். “மைக் இல்லாத நேரம் அந்த மாமா என்னைப் பார்த்துத்தான் கதைச்சவர்” என்றாள். வசனத்தின் பல சொற்கள் அவளுக்கு விளங்கியிருக்கமாட்டா. தன்னை நோக்கி ஒரு மனிதர் பேசினார் என்பது விளங்கியது.

இந்நிகழ்ச்சியைப் பெரிதுபடுத்தவேண்டியதில்லை. ஆயினும் இரண்டு முடிவுகளை அதிலிருந்து பெறலாம். ஒன்று, மொழியறிவு குறைந்த இளந்தலைமுறைக்கு நாடகம் எட்டாது என்னும் நம் முடிவு அவசரமானது. செயிற்றியம் கூறும் சென்றுசேர்தல் சொல்லால் மட்டும் நிகழ்வதன்று. மத்தளமும் ஆட்டமும் கண்நோக்கும் அகராதி வேண்டாமலே சென்றுசேர்வன. சொல்லுக்கான ஆவலை அவையே பின்னர் எழுப்புகின்றன. தமிழ் கற்றுவிட்டு நாடகத்துக்கு வாருங்கள் என்பதற்கு மாறாக, நாடகத்துக்கு வந்தபின் தமிழ் கேட்க விரும்புவார்கள் என்று நம்பலாம்.

மற்றையது, பதிவு பற்றியது. பிரித்தானியத் தேசிய அரங்கு 2009 முதல் தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பி வருகின்றது. 2020இல் பெருந்தொற்றால் அரங்குகள் மூடப்பட்டபோது, பதிவுகளே பலருக்கு ஆறுதல் அளித்தன. பதிவின் பயனை நான் மறுக்கவில்லை. ஆய்வாளனுக்கு அது பெருஞ்செல்வம். ஆயினும் பதிவில் எதைப் பார்க்கவேண்டும் என்பதை ஒளிப்படக்கருவி முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றது. அரங்கிலே பேசுபவரை விட்டுக் கேட்பவரை நான் பார்க்கலாம். அரசனை விட்டு, ஓரத்தில் ஈட்டியோடு நிற்கும் காவலனின் சோர்வைப் பார்க்கலாம். கண்ணின் இச்சுதந்திரம் அரங்கின் பேரின்பங்களுள் ஒன்று. இதனோடு தவறு நேரக்கூடும் என்னும் அச்சமும் சேர்கின்றது. நடிகர் வசனத்தை மறக்கலாம், குரல் உடையலாம். அவ்வாறு நேராமல் ஒவ்வொரு கணமும் கடக்கும்போது, அதில் நமக்கும் பங்குண்டு என உணர்கின்றோம். பதிவு ஏற்கெனவே நிகழ்ந்து முடிந்தது. அதன்பொருட்டு எவரும் மூச்சை அடக்கவேண்டியதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் தெளிவாவன இவை. தமிழ்க் கவிதையியல் காண்போனை அரங்கின் முற்றுப்புள்ளியாகக் கருதியுள்ளது. கூடியிருத்தலும் இரட்டைப் பார்வையும் களரி தந்த இன்பங்கள். தெரிந்ததைப் புதிதாய்க் காணலை இசைநாடகமும், செறிந்த அமைதியைப் படச்சட்ட மேடையும், துயரின் தனிமை நீங்கலைப் போர்க்கால அரங்கும் தந்தன. இவற்றுள் ஒன்றை மற்றொன்றின் வளர்ச்சி என்றோ வீழ்ச்சி என்றோ கொள்வது பொருந்தாது. இவை வெவ்வேறு அவைகள் தமக்கென உருவாக்கிக்கொண்ட வெவ்வேறு இன்பங்கள். புலம்பெயர் அவை தனக்குரிய இன்பத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றது. அதனைத் தொண்டு என்னும் சொல்லால் மூடிவிடுவோமாயின், அத்தேடல் நின்றுபோகும்.

இவ்வரங்கில் கூடியுள்ள ஆய்வாளரிடமும் நூலகத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். நாடக ஆசிரியர்களையும் நெறியாளர்களையும் நேர்கண்டு பதிவுசெய்யும் முயற்சிகள் நடைபெறுகின்றன, அவை தொடரட்டும். அவற்றோடு பார்த்தவர்களையும் நேர்காணுங்கள். வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கோயில் வீதியில் பாய்விரித்துப் பார்த்தவர்கள், வட்டக்களரியைச் சுற்றி விடியவிடிய இருந்தவர்கள், 1985இல் ‘மண் சுமந்த மேனியர்’ கண்டு அழுதவர்கள் இன்று உலகின் பல நகரங்களில், முதியோர் இல்லங்களிலும் பிள்ளைகளின் வீடுகளிலும் வாழ்கின்றனர். எங்கே இருந்தீர்கள், யாரோடு போனீர்கள், எப்போது சிரித்தீர்கள், வீடு திரும்பும் வழியில் என்ன பேசினீர்கள் என்று அவர்களை எவரும் கேட்டதில்லை. எழுத்துருக்கள் அச்சில் உள்ளன, அவை காத்திருக்கும். இவர்களுடைய நினைவுகள் காத்திரா.

என் அம்மம்மாவை நான் கேட்கத் தவறினேன். அன்றிரவு அவர் சந்திரமதிக்காக அழுதாரா, சந்திரமதியாகவே அழுதாரா என்பது எனக்குத் தெரியாது. அழுது முடித்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, பனங்கூடலினூடே விடியற்காலையில் நடந்தபோது அவர் முகம் மகிழ்ந்திருந்தது என்பது மட்டும் தெரியும். அம்மகிழ்ச்சியை விளக்காத நாடக ஆய்வு எதுவும் முழுமை பெறாது என்று கூறி இக்கட்டுரையை நிறைவு செய்கின்றேன்.